வெளியூரில் நான்தான் சடை பின்னுவேன்

ஜனவரி 6, திங்கள்

செண்பகத்துக்கு சைக்கிள் பந்தயம் பழக்குகிற பொன்னுத்துரை மாஸ்டர் இந்த நோட்டைக் கொடுத்தார். செண்பகம் என்ன சாப்பிட்டாள், எத்தனை மணிக்குப் படுத்தாள், என்ன மாத்திரை, எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாள், எல்லாம் தேதி போட்டு எழுதணுமாம். "உங்க பேத்தி எழுத மாட்டா ஆச்சி, சோம்பேறி. நீங்க எழுதுங்க" என்றார்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கப் போய்விட்டேன். ஆனால் எழுத்து மறக்கவில்லை. எனக்கு எதுவுமே மறக்காது. அதுதான் பலபேருக்குக் கஷ்டம்.

இட்லி நாலு, தேங்காய்ச் சட்னி. மாத்திரை இல்லை. எட்டயபுரம் ரோட்டில் இருபத்திரண்டு கிலோமீட்டர்.

ஜனவரி 7, செவ்வாய்

இட்லி மூணு. ஒன்றை நாய்க்குப் போட்டாள். பதினெட்டு கிலோமீட்டர்.

பிறந்ததிலிருந்தே அவளுக்கு வலது கையும் வலது காலும் இழுப்பு. பத்தொன்பது வயசில் அந்தக் கையை வைத்துக்கொண்டு அவள் செய்யாத வேலை இல்லை. இன்று கண்ணாடி முன்னால் நின்று ரெட்டைச் சடை போட்டாள். வலது கை விரல் ரெண்டு ஒரு பிரி முடியைப் பிடித்துக்கொள்ள, இடது கை பின்னுகிறது. மெதுவாகத்தான். ஆனால் என் மகளுக்குக்கூட இவ்வளவு இறுக்கமாகப் பின்ன வராது. அவள் புருஷனோடு திருப்பூரில் பனியன் தைக்கிறாள். பிள்ளையை ஒன்றரை வயசில் என்னிடம் போட்டுவிட்டுப் போனபோது மாப்பிள்ளை சொன்ன வார்த்தை ஒன்று இருக்கிறது. நோட்டில் எழுதும்படியான வார்த்தை இல்லை. மனசில் இருக்கிறது, போதும்.

ஜனவரி 9, வியாழன்

திருச்சிப் பக்கம் கை கால் குறை உள்ளவர்களுக்கு மாநில சைக்கிள் போட்டியாம். மாஸ்டர் வந்து விளக்கினார். இதுவரை மாவட்டத்தில் எல்லோரையும் ஒன்றாக ஓட்டவிட்டார்கள். அங்கே அப்படி இல்லை. டாக்டர்கள் கையையும் காலையும் பிடித்துப் பார்த்து கிளாஸ் பிரிப்பார்களாம். சி-1, சி-2, சி-3 என்று அஞ்சு வரை. எண் சின்னதானால் குறை பெரிசு. ஒரே அளவு குறை உள்ளவர்கள்தான் ஒன்றாக ஓட்டணும். ஒவ்வொரு கிளாஸிலும் முதலில் வருகிறவளுக்குத்தான் தேசியப் போட்டி.

"செண்பகம் எதுல வருவா?" என்றேன்.

"சி-3 வரும்னு நினைக்கேன். கோயம்புத்தூர்ப் பொண்ணு ஒண்ணு மூணு வருஷமா அதுல முதல். கஷ்டம்தான்."

"ரெண்டுல போட்டா?"

"ரெண்டுல நம்ம பிள்ளை காத்தாப் பறப்பா. ஆனா அது நம்ம கையிலயா இருக்கு, ஆச்சி?"

யார் கையில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

தோசை ரெண்டு. இருபத்தஞ்சு கிலோமீட்டர்.

2012, ஆடி 9, செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடத்தில் ஊனமுற்றோர் முகாம். அந்த டாக்டர் நீலக் கோடு போட்ட சட்டை, இடது காதில் முடி. செண்பகத்துக்கு ஆறு வயசு. ஒரு சாக்லேட்டை நீட்டினான். இவள் சிரித்துக்கொண்டே வலது கையால் எட்டி வாங்கினாள். "அடடே, கை நல்லா வேலை செய்யுதே" என்று சொல்லி ஊனம் முப்பத்தஞ்சு சதவீதம்தான் என்று எழுதிவிட்டான். நாற்பது இருந்தால்தான் பஸ் பாஸ், உதவித்தொகை எல்லாம். அஞ்சு சதவீதத்துக்கு அவன் விலை ஒரு சாக்லேட்.

மறு வருஷம் நான் அவளைத் தயார்ப்படுத்திக் கூட்டிப் போனேன். வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டரைக் கண்டால் கையை மூடி நெஞ்சோடு வைத்துக்கொள்ளணும், என்ன ஆனாலும் விரிக்கக் கூடாது. நான் இருமினால் மூடணும் என்று வீட்டில் ஒரு மாசம் பழக்கினேன். அறுபது சதவீதம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து வெளியூர் போனால் அவள் சடையை நான்தான் பின்னுவேன். பார்க்கிற கண் எங்கே இருக்கும் என்று தெரியாது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இன்று எழுதச் சொன்னாலும் எழுத மாட்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

இட்லி நாலு. முப்பது கிலோமீட்டர். காலில் பிடிப்பு, தைலம் தேய்த்தேன்.

தேய்க்கும்போது சொன்னேன்: "அங்க டாக்டர் பார்க்கையில பழசை மறந்துராத."

"ஆச்சி, அது சர்டிபிகேட்டுக்கு. இது பந்தயம்."

"ரெண்டுக்கும் டாக்டர்தானட்டி பார்க்கான்?"

அவள் காலை இழுத்துக்கொண்டாள். தைலம் பாயில் கொட்டியது.

ஜனவரி 23, வியாழன்

திருச்சி. ஊருக்கு வெளியே ஒரு காலேஜ் ஹாஸ்டலில் தங்கல். சாம்பாரில் புளி இல்லை.

பக்கத்து அறையில் குளச்சலிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். பெயர் ஜெர்லின், பதினெட்டு வயசு. அப்பா சகாயராஜ், கடலுக்குப் போகிறவர். அவளுக்கு ரெண்டு காலும் இழுப்பு, ஒரு கையிலும் கொஞ்சம். சி-2க்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்குகையில் அவளை அப்பா தாங்கித்தான் நடத்தினார். பார்த்துக்கொண்டேன். நடையில் நடிப்பு கொஞ்சம் அதிகப்படி.

ஜனவரி 24, வெள்ளி, காலை

என் சந்தேகம் சரிதான். விடிந்து ஆறரை மணிக்கு ஜெர்லின் தண்ணீர்க் குழாய்க்கு வந்தாள். தனியாக. கம்பு இல்லை, அப்பா இல்லை. வாளியை நிரப்பித் தூக்கினாள். வழியிலிருந்த சாக்கடை வாய்க்காலைத் தாண்டிக் குதித்தாள். குதித்தாள்! நேற்று சாயங்காலம் தாங்கி நடந்த பெண்.

எழுதி வைத்துவிட்டேன். ஆறு முப்பத்திரண்டு.

அதே நாள், மத்தியானம்

செண்பகத்தைக் கூப்பிட்டார்கள். உள்ளே ஒரு டாக்டரம்மா, உடற்பயிற்சி சிகிச்சை பார்க்கிற ஒரு தம்பி, எழுதுவதற்கு ஒருத்தர். துணைக்கு ஒரு ஆள் போகலாம் என்றார்கள், நான் போய் மூலையில் நின்றேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் தாண்டும்போது ஒரு தடவை இருமினேன், அவ்வளவுதான்.

"கையை விரிம்மா" என்றார் டாக்டரம்மா. விரியவில்லை. "தளர விடு, பயப்படாதே." விரியவில்லை. பிள்ளைக்கு நெற்றியில் வேர்த்துவிட்டது. டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "வீட்டுல இவளுக்குத் தலை யாரு பின்னி விடறது?" என்றார்.

"நான்தான்."

சி-2 எழுதினார்கள். வெளியே வந்ததும் செண்பகத்துக்கு மாதுளம்பழம் உரித்துக் கொடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டாள். வயிற்றில் ஏதோ சரியில்லை போல.

அதே நாள், சாயங்காலம்

வராந்தாவில் செண்பகத்துக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். சகாயராஜ் மகளோடு வந்து நின்றார்.

"பாட்டி, எனக்க மவளுக்கும் ஒரு சடை பின்னி விடுவியளா? எனக்க வெரலு வலைக்குப் பழகினது, முடிக்குப் பழகல்ல."

சரி என்றேன். கிட்டத்தில் வைத்துப் பார்க்க இதைவிடச் சந்தர்ப்பம் கிடைக்காது. "காலையில வாளியைத் தூக்கிட்டுச் சாக்கடை தாண்டுனியே, பார்த்தேன்" என்று போட்டேன். திடுக்கிடுவாள் என்று பார்த்தால் அவள் சிரித்தாள்.

"காலையில கால் எனக்க பேச்சைக் கேக்கும் பாட்டி. பொழுது ஏற ஏற அதுக்கு எஜமான் வேற."

"காலையில மான்குட்டி, பந்தயம் முடிஞ்சா மரக்கட்டை" என்றார் அப்பா. பழகிய வசனம் போல அத்தனை சுளுவாக வந்தது.

அப்போது சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். ஜெர்லினின் ரெண்டு காலும் பலகை மாதிரி விறைத்து எகிறியது. என் முழங்காலில் இடித்தது. இன்னும் வலிக்கிறது. நடிப்பு என்றால் இப்படி இருக்கணும்.

ஜனவரி 25, சனி

இன்று தனித்தனியாக ஓட்டுகிற பந்தயம். கடிகாரத்துக்கு எதிராகப் பத்து கிலோமீட்டர். சி-2 பெண்கள் நாலு பேர். ஜெர்லின் முதல். செண்பகம் ரெண்டாவது. வித்தியாசம் ஆறு விநாடி. நாளைக்கு எல்லோரும் சேர்ந்து ஓட்டுகிற பந்தயம். ரெண்டையும் கூட்டித்தான் தேசியப் போட்டிக்கு ஆள் எடுப்பார்கள்.

ஆறு விநாடி! சாக்கடை தாண்டிக் குதிக்கிறவளோடு என் பிள்ளை எப்படி ஓட்டுவாள்?

பந்தயம் முடிந்ததும் ஜெர்லினைக் காணவில்லை. தேடிப் போனேன். சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால், ஆள் இல்லாத இடத்தில், சகாயராஜ் அவளை அப்படியே தூக்கித் தரையில் கிடத்தியிருந்தார். கால் ரெண்டும் கத்திரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று பூட்டிக்கிடந்தது. அவர் முழங்காலை வைத்து மெல்ல மெல்லப் பிரித்தார். அவள் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வரக் கூடாது என்றுதானே?

யாரும் இல்லாத இடத்தில் எதற்கு நடிக்கணும் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். நான் வருவது தெரிந்திருக்கும்.

நேரே மாஸ்டரிடம் போனேன். "அந்தக் குளச்சல் பிள்ளை ஏமாத்துது. கிளாஸை மாத்தச் சொல்லிப் புகார் கொடுங்க."

"சும்மா சொல்லக் கூடாது ஆச்சி. எழுத்துல ஆதாரம் வேணும். பிள்ளையோட வாழ்க்கை."

"ஆதாரம் இருக்கு. நேரம் போட்டு எழுதி வச்சிருக்கேன்" என்று சொல்லி, இந்த நோட்டை அவரிடம்

அதே நாள்

மேலே எழுதிக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் வந்து நோட்டை வாங்கிப் போய்விட்டார். இது செண்பகத்தின் முதுகில் குத்தியிருந்த நம்பர் தாளின் பின்பக்கம். அப்புறம் நோட்டில் ஒட்டிக்கொள்வேன்.

எனக்கு இப்போதுதான் நெஞ்சு லேசாக இருக்கிறது. ராத்திரிச் சாப்பாடு சப்பாத்தி மூணு.

ஜனவரி 26, ஞாயிறு

எல்லாம் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. நோட்டு திரும்பி வந்துவிட்டது. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு மாஸ்டர் டீ தம்ளரோடு வந்தார். கண் சிவந்திருந்தது. நான் செண்பகத்துக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"முழுசும் படிச்சேன் ஆச்சி. முதல் பக்கத்துல இருந்து."

"அந்தச் சாக்கடை விஷயம் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். இந்த நோட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க ஆச்சி. ஒருத்தி காலையில குதிக்கா, சாயங்காலம் விறைச்சுப் போறா. இன்னொருத்தி வீட்டுல ரெட்டைச் சடை போடுறா, டாக்டர் முன்னாடி விரல் விரிக்க மாட்டேங்கா. நான் யாரைப் பத்திப் புகார் கொடுக்கணும்?"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அப்புறம் வந்தது பாருங்கள் கோபம். "அந்த வலைக்காரர் உமக்கு என்ன கொடுத்தாரு?" என்று கேட்டுவிட்டேன்.

மாஸ்டர் தம்ளரைக் கீழே வைத்தார். பத்து வருஷமாக என் பிள்ளையை அந்த மனுஷன் தன் சைக்கிளிலேயே பழக்கினார். சி-3 என்று அவர் சொன்ன அன்றைக்கே அந்தக் கை எவ்வளவு திறக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

செண்பகம் என் கையிலிருந்து முடியை உருவிக்கொண்டு எழுந்தாள்.

"மாஸ்டர், நான் வேணும்னு மூடல. வெள்ளைக் கோட்டைப் பார்த்தா அது தானா மூடிக்கிடுது. அன்னைக்கு உள்ள விரிக்கத்தான் நினைச்சேன். சத்தியமா நினைச்சேன். விரல் கேக்கல."

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

"ஆச்சி இருமினாங்களே."

முகத்துக்கு நேரே என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

"பந்தயத்துக்கு முன்னாடி நீங்களா போய்ச் சொன்னா ஒரு மாதிரி. அவங்களா கண்டுபிடிச்சா ரெண்டு வருஷம் சைக்கிளைத் தொட முடியாது" என்றார் மாஸ்டர். "நான் சொல்லப் போறதில்ல ஆச்சி. நீங்க முடிவு பண்ணுங்க."

"நான் போறேன்" என்றாள் செண்பகம்.

நானும் போனேன். கூட்டிக்கொண்டு போகவில்லை. பின்னால் போனேன்.

டாக்டரம்மா மறுபடி பார்க்க ஒத்துக்கொண்டார். "எங்க, கையை விரி." பிள்ளை விரலைப் பார்த்தது. உதட்டைக் கடித்தது. முஷ்டி நெஞ்சோடு ஏறி ஒட்டிக்கொண்டது. அந்தத் தம்பி தடவிக் கொடுத்துப் பார்த்தான். நடக்கவில்லை. செண்பகத்துக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "இப்பவும் மூடிக்கிடுச்சு, பார்த்தீங்களா" என்கிறாள்.

"இப்படி இருந்தா நான் பார்க்கிறதைத்தான் எழுத முடியும்" என்றார் டாக்டரம்மா. பேனாவை எடுத்துவிட்டார். சி-2 என்றே இருந்துவிடும். யாரும் எங்களைக் குறை சொல்ல முடியாது. வந்து சொன்னோம், பார்த்தார்கள், விரியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும்.

எனக்கு அந்தத் துண்டு ஞாபகம் வந்தது. பல்லில் கடித்திருந்த துண்டு. ஓரம் சிவப்பு, நடுவில் மீன் படம்.

நான் போய்ச் செண்பகத்தின் ரிப்பனை உருவினேன். அரைகுறையாகப் பின்னிய சடை அவிழ்ந்து முதுகில் விழுந்தது.

"பின்னு" என்றேன்.

"ஆச்சி..."

"ஏட்டி, எட்டயபுரம் பஸ் வந்து நிக்கான், டிரைவர் ஹார்ன் அடிக்கான், நீ தலையை விரிச்சுப் போட்டுட்டு நிக்கியா? பின்னுட்டி!"

வீட்டில் தினமும் நான் போடுகிற சத்தம்தான். அவள் இடது கை தன்னால் தலைக்குப் போனது. வலது முஷ்டி நெஞ்சிலேயே இருந்தது. அப்புறம் அது மெல்ல இறங்கி, தோளில் ஏறி, ரெண்டு விரல் பிரிந்து முடியைக் கவ்வியது. நழுவியது. மறுபடி கவ்வியது. அந்தத் தம்பி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முடிக்க ஏழு நிமிஷம். சடை கோணல். வீட்டில் இதைவிட நன்றாக வரும்.

"அன்னிக்கு நான்தான் பின்னுவேன்னு சொன்னீங்க" என்றார் டாக்டரம்மா.

"ஆமா. பொய். மூடச் சொல்லிப் பழக்கினதும் நான்தான். என் பிள்ளை மேல ஒண்ணும் எழுதாதீங்க." அதோடு நிறுத்தியிருக்கணும். நிறுத்த முடியவில்லை. "மூடினா பஸ் பாஸ் கொடுக்கீங்க, திறந்தா பிடுங்கிக்கிடுதீங்க. நான் வேற என்னத்தைச் சொல்லிக் கொடுக்க?"

"அந்தச் சர்டிபிகேட் என் வேலை இல்ல. இங்க நீங்க மூடினா, கூட ஓட்டுற பிள்ளையோட இடத்தைத்தான் பிடுங்குறீங்க."

அந்த அம்மாவுக்குக் குரல் கொஞ்சம் அதிகம். ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

கையை, காலை எல்லாம் முதலிலிருந்து பார்த்தார்கள். இந்தத் தடவை கை திறந்தே இருந்தது. சி-3. நேற்றைய ரெண்டாவது இடம் ரத்து. பொய் சொன்னதற்கு என்ன தண்டனை என்று கமிட்டி கூடிக் கடிதம் போடுமாம். இன்றைக்கு சி-3இல் ஓட்டலாம், அதையும் அவர்கள் நின்று பார்ப்பார்கள். 

ஓட்டினாள். கோயம்புத்தூர்ப் பெண் வந்து, இறங்கி, தண்ணீர் குடித்து, முகம் கழுவின பிறகு வந்தாள். ஆறு பேரில் அஞ்சாவது. தேசியப் போட்டி போச்சு. ஆனால் கடைசி வளைவில் ஒருத்தியை முந்தினாள். வலது கையால் பிரேக்கைப் பிடித்து முந்தினாள். எல்லோரும் பார்க்க.

சி-2இல் ஜெர்லின் முதல். நான் கொட்டகைக்குப் பின்னால் போனேன். சகாயராஜ் காலைப் பிரித்துக்கொண்டிருந்தார். கேட்காமலே உட்கார்ந்து அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். 

"பாட்டி, சடை அவுந்துபோச்சு" என்றாள், பல்லில் துண்டோடு.

பின்னி விட்டேன். அவள் மேல் புகார் கொடுக்கப் போனதைச் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும்.

ஜனவரி 27, திங்கள்

கோவில்பட்டி வந்து சேர்ந்தோம். திருச்சி பஸ் ஸ்டாண்டில், அத்தனை ஜனத்துக்கு நடுவில், செண்பகம் சீப்பை எடுத்துத் தானே தலை வாரிப் பின்னினாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தேன். மாஸ்டர் டீ வாங்கிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வலைக்காரர் பேச்சுக்கு அவர் என்னை மன்னித்தாரா தெரியவில்லை. நானாக இருந்தால் மன்னிக்க மாட்டேன்.

பிப்ரவரி 15, சனி

கடிதம் வந்தது. ஆறு மாசம் எந்தப் பந்தயத்திலும் ஓட்டக் கூடாது. ஆகஸ்டுக்கு அப்புறம் சி-3இல் ஓட்டலாம். படித்துவிட்டுச் செண்பகம் விரலால் மாசத்தை எண்ணினாள், வலது கையில். அஞ்சு விரலும் முடிந்து ஆறாவதுக்கு இடது கைக்குப் போனாள்.

"மாஸ்டர் இன்னைக்கே பழக வரச் சொல்றாரு ஆச்சி. நோட்டு எழுதணுமாம்."

"இனி நீயே எழுதிக்கோ."

"நான் சோம்பேறி. நீங்க எழுதுங்க. ஆனா உள்ளதை எழுதுங்க."

முகாமில் பார்த்த அந்த நீலக் கோடு போட்ட சட்டை டாக்டரை நான் மன்னிக்கவில்லை. அவன் எழுதிய முப்பத்தஞ்சு சரியாக இருந்தாலும் மன்னிக்க மாட்டேன். சிரித்துக்கொண்டே சாக்லேட்டை எட்டி வாங்கின கை அது.

இட்லி அஞ்சு. மாத்திரை இல்லை. இருபத்தாறு கிலோமீட்டர். சடை அவளே பின்னினாள்.